மேட்டை விட்டு இறங்கிய ரிக் ஆன்கீல்

ஸ்கோர் எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஆட்டத்தைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டோம், ஆனால் அட்டை ஒன்று கையில் கிடைத்துவிட்டால் எந்த நேரத்தில் எவன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான் என்பது வரை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிடுவோம். கல்லூரி அணிக்கு இரண்டு வருடம் ஸ்கோர் எழுதியவன் நான். (ஏன் எழுத நேர்ந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.) பேஸ்பால் எனக்குப் பிடிபட்டதும் அட்டைகள் வழியாகத்தான். தூக்கம் வராத இரவுகளில் பழைய அமெரிக்க ஆட்டங்களின் ஸ்கோரைத் தேடித் தேடிப் படிப்பேன். வீட்டில் கேட்டால் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிடுவேன்.

அப்படி ஒரு ராத்திரி மாட்டியதுதான் 2000 அக்டோபர் 3ஆம் தேதி ஆட்டம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ். ஐந்து ஆட்டங்கள் கொண்ட நாக் அவுட் தொடரின் முதல் ஆட்டம். கார்டினல்ஸ் 7-5 என்று ஜெயித்திருக்கிறது. சரி, அடுத்ததைப் பார்ப்போம் என்று நகரப் போனவன் அட்டையின் அடியில் ஒரு வரியைப் பார்த்து நின்றுவிட்டேன். வைல்ட் பிட்ச்: ஆன்கீல், 5. முதலில் தட்டச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன்.

வைல்ட் பிட்ச் என்றால் என்ன என்று கிரிக்கெட் பாஷையில் சொல்வது சுலபம். பிட்சர் எறிகிற பந்து கேட்சர் தாவினாலும் எட்டாத இடத்துக்குப் போய், அந்தச் சந்தில் ஓட்டக்காரர்கள் அடுத்த தளத்துக்கு ஓடிவிட்டால் அது வைல்ட் பிட்ச். விக்கெட் கீப்பரையும் தாண்டிப் போகிற வைடு மாதிரி. ஒரு நல்ல பிட்சருக்கு ஒரு சீசன் முழுக்கவே சில வைல்ட் பிட்ச்தான் விழும். இங்கே அந்த ஐந்தும் ஒரே ஆட்டத்தில். இன்னும் தோண்டினால் ஒரே இன்னிங்ஸில். அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீக்கில் அதற்கு முன் ஒரே இன்னிங்ஸில் ஐந்து என்பது நடந்த வருடம் 1890.

எறிந்தவருக்கு வயது 21.

ரிக் ஆன்கீல் ஃபுளோரிடாக்காரர். ஃபோர்ட் பியர்ஸில் பிறந்து பக்கத்தில் போர்ட் செயின்ட் லூசியில் படித்தவர். இடது கை. பள்ளியின் கடைசி வருடத்தில் 74 இன்னிங்ஸில் 162 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருக்கிறார். ஒரு இன்னிங்ஸில் மொத்தமே மூன்று பேரைத்தான் அவுட்டாக்க வேண்டும், அதில் இரண்டு பேருக்கு மேல் பந்தைச் சரியாக அடிக்கவே முடியாமல் திரும்பிப் போனார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1997ல் கார்டினல்ஸ் அவரை எடுத்து ஒப்பந்தத் தொகையாக மட்டும் 25 லட்சம் டாலர் கொடுத்தது. பையனுக்கு வயது 18. 1999ல், மேஜர் லீக்குக்குக் கீழ்ப் படியான மைனர் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பெயர், அதே ஆகஸ்டில் மேஜர் லீக் அறிமுகம். 2000ல் முழு சீசன்: 11 வெற்றி, 175 இன்னிங்ஸில் 194 ஸ்ட்ரைக் அவுட். அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் தேர்வில் இரண்டாவது இடம். அவருடைய கர்வ் பால் பேட்டரின் தோள் உயரத்தில் கிளம்பி முழங்காலுக்கு வந்து விழும். பழைய வீடியோக்களைப் பாருங்கள், பேட்டர்கள் பந்து தன் மேல் படப் போகிறது என்று நினைத்து முழங்காலை மடக்குவார்கள், அம்பயர் ஸ்ட்ரைக் என்று கையைத் தூக்குவார்.

வீட்டுக் கதை வேறு. அப்பாவின் குடிக்கும் கோபத்துக்கும் பயந்து வளர்ந்ததைப் பற்றி ஆன்கீலே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த 2000லேயே அப்பா போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போனார். மகனின் கை ஒருநாள் ஏன் அப்படி ஆனது என்று கேட்கும்போதெல்லாம் இந்தச் சங்கதியை இழுத்து வந்து நிறுத்துகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அதே அப்பாவுக்கு மகனாக இருந்துகொண்டேதான் 194 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார்.

சரி, அக்டோபர் 3க்கு வருவோம்.

கார்டினல்ஸ் மேனேஜர் டோனி லா ருஸ்ஸா ஒரு தந்திரம் செய்தார். முதல் ஆட்டத்தில் 21 வயதுப் பையன்தான் இறங்கப் போகிறான் என்று தெரிந்தால் பத்திரிகைக்காரர்கள் மொய்த்துவிடுவார்கள் என்று, முந்தின நாள் பேட்டிக்கு டேரில் கைல் என்ற மூத்த பிட்சரை அனுப்பிவைத்தார். எல்லோரும் கைல்தான் என்று நம்பினார்கள். பையனைப் பதற்றத்திலிருந்து காப்பாற்ற நினைத்துச் செய்த காரியம். இத்தனை பத்திரமாக உன்னை மறைத்து வைக்கிறோம் என்றால் வெளியே ஏதோ பயப்படும்படியான விஷயம் இருக்கிறது என்றுதானே அந்தப் பையனுக்குத் தோன்றியிருக்கும்? இது என் ஊகம்தான். ஆனால் அந்த முடிவு தன்னை விடாமல் துரத்துகிறது என்று லா ருஸ்ஸாவும் பின்னால் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. அணியின் முதன்மை கேட்சர் மைக் மாத்தேனி அன்றைக்கு இல்லை. பிறந்தநாள் பரிசாக வந்த வேட்டைக் கத்தியை எடுத்துப் பார்த்தபோது கை கிழிந்து, விரலின் தசைநார் அறுந்துபோயிருந்தது. கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள், ஆனால் நடந்தது. வேறு கேட்சர் உட்கார்ந்தார்.

முதல் இன்னிங்ஸிலேயே கார்டினல்ஸ் 6 ரன். அதுவும் கிரெக் மேடக்ஸ் என்ற மகா பிட்சரை எதிர்த்து. ஆன்கீல் இரண்டு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் முடித்தார். மூன்றாவதில் முதலில் வந்த பேட்டரே அந்த மேடக்ஸ்தான். பிட்சர்களுக்குப் பொதுவாக பேட்டிங் வராது, நம் 11ஆம் எண் ஆட்டக்காரர் மாதிரி. அவருக்கு ஆன்கீல் வாக் கொடுத்து, அதாவது தப்பான பந்துகளாகப் போட்டு, அடிக்காமலே முதல் தளத்துக்கு அனுப்பினார். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பிறகு ஆண்ட்ரூ ஜோன்ஸ் மட்டையோடு நிற்கும்போது ஒரு பந்து நினைத்த இடத்துக்குப் போகாமல் கேட்சரைத் தாண்டிப் போனது. தேசிய டெலிவிஷனில் வைல்ட் பிட்ச் போட்டுவிட்டோமே என்று ஒரு கணம் நினைத்ததாக ஆன்கீல் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அந்த ஒரு நினைப்புக்குப் பிறகு கை அவருடையதாக இல்லை.

அடுத்தடுத்து வந்தவை பார்க்கச் சங்கடமானவை. ஒரு பந்து தரையில் குத்தி, ஒன்று பின்புறத் தடுப்பில் போய் மோதி, கேட்சர் முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு ஓடி ஓடிப் பொறுக்குகிறார். நடுவில் சிப்பர் ஜோன்ஸை ஸ்ட்ரைக் அவுட்டும் செய்கிறார், அதுதான் கொடுமை. முழுக்கக் கெட்டுப்போயிருந்தால்கூட காயம் என்று சொல்லி அழைத்துக்கொண்டிருப்பார்கள். நல்லது ஒன்று, கெட்டது இரண்டு என்று மாறி மாறி வந்தது. 4 வாக், 4 ரன், 5 வைல்ட் பிட்ச். மூன்றாவது விக்கெட்டுக்குக் காத்திராமல் லா ருஸ்ஸா வந்து பந்தை வாங்கிக்கொண்டார்.

கணக்குக்காகச் சொல்கிறேன். பிட்சர் நிற்கிற மேட்டுக்கும் பேட்டர் முன்னால் கிடக்கிற ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம். பிளேட்டின் அகலம் 17 அங்குலம். கையிலிருந்து பந்து விடுபடும் கோணம் ஒரே ஒரு டிகிரி பிசகினால் அங்கே போய்ச் சேரும்போது கிட்டத்தட்ட ஒரு அடி தள்ளிப் போயிருக்கும். அந்த ஒரு டிகிரியை எந்த மனிதனாலும் யோசித்துச் சரிசெய்ய முடியாது. கைதான் அதைச் செய்ய வேண்டும், அதுவும் நமக்குச் சொல்லாமல்.

இனி, நான் ஏன் ஸ்கோர் எழுதினேன் என்பது.

நானும் இடது கை. சுழற்பந்து. மாவட்டம் மாநிலம் என்றெல்லாம் இல்லை, கல்லூரி அணியில் ஒரு இடம், அவ்வளவுதான், ஆனால் பந்து போடுவதைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இரண்டாம் வருடம் ஒரு சாயங்காலம் வலைப்பயிற்சியில் பந்து விரலை விட்டுப் போகவில்லை. உண்மையாகவே ஒட்டிக்கொண்ட மாதிரி. கை சுற்றி வந்து முடிந்த பிறகு விடுபட்டு என் ஷூவுக்குப் பக்கத்திலேயே தொப்பென்று விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த பந்தைச் சீக்கிரம் விட்டேன், அது வலையின் கூரையில் போய்ச் சிக்கிக்கொண்டது. "ஃபெவிகால் தடவிட்டு வந்திருக்கான்டா" என்றான் ஒருவன். கோச் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்து, "ஒண்ணும் யோசிக்காம போடு தம்பி" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். யோசிக்காதே என்று ஒருவர் சொன்ன பிறகு யோசிக்காமல் இருந்து பாருங்கள், தெரியும். நடுவிரல் தையலில் எங்கே படுகிறது, மணிக்கட்டு எப்போது திரும்புகிறது, வலது கால் எங்கே விழுகிறது என்று அதுவரை நான் அறியாத என் உடம்பின் பாகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து ஆஜர் கொடுத்தன. ஆறு வாரம் தனியாகச் சுவரில் போட்டுப் பார்த்தேன். சுவரில் சரியாகப் போகும். பேட்ஸ்மேன் வந்து நின்றால் போகாது. பேட்டிங்கும் வராது. எனவே ஸ்கோர் புத்தகம்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததே பல வருடம் கழித்து, ஆன்கீலைப் படித்தபோதுதான். யிப்ஸ். கோல்ஃப் ஆட்டத்திலிருந்து வந்த சொல். பேஸ்பாலில் உள்ளவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டார்கள், 'அது' என்பார்கள். ராத்திரியில் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்று நம் பாட்டிமார் சொல்வது போல. மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1971ல், கடைசி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்த ஸ்டீவ் பிளாஸுக்கு இரண்டே வருடத்தில் 'அது' வந்து, கடைசிவரை போகவேயில்லை. சக் நாப்லாக் என்ற யாங்கீஸ் ஆட்டக்காரர் நாலடி எட்டி வைத்தால் கொடுத்துவிடலாம் போன்ற தூரத்தில் நிற்கிற முதல் தளக்காரருக்கு எறிந்த பந்து கூட்டத்தில் போய் ஒரு டிவி தொகுப்பாளரின் அம்மா முகத்தில் பட்டது. ஜான் லெஸ்டர் என்ற பிட்சர் பேட்டருக்கு எறிவதில் கில்லாடியாக இருந்தார், முதல் தளத்துக்கு எறியச் சொன்னால் மட்டும் கை வராது. சிலருக்கு நரம்புக்கும் தசைக்கும் இடையிலான கோளாறு என்கிறார்கள், சிலருக்குப் பதற்றம், பலருக்கு எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாத கலவை.

ஆன்கீலுக்கு அடுத்த தொடரிலும் வாய்ப்புக் கொடுத்தார்கள். நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக. முதல் பந்தே பேட்டரின் தலைக்கு மேல் போனது. முதல் இன்னிங்ஸையே முடிக்கவில்லை, 20 பந்தில் வெளியே. கடைசி ஆட்டத்தில் ஒருமுறை இறங்கினார், இன்னும் இரண்டு வைல்ட் பிட்ச்.

2001. அந்த சீசனில் அவர் இறங்கிய முதல் ஆட்டத்தில் எதிரணிப் பிட்சர் ராண்டி ஜான்சன், இன்னொரு மகா பிட்சர். பயத்தைக் கொல்ல ஆட்டத்துக்கு முன்னால் வோட்கா குடித்துவிட்டுப் போனதாகப் பிற்பாடு ரேடியோ பேட்டியில் ஒப்புக்கொண்டார். கொடுமை என்னவென்றால் அன்றைக்கு ஜெயித்துவிட்டார். அடுத்த ஆட்டத்துக்கும் குடித்தார், அது பலிக்கவில்லை. மே மாதத்தில் மெம்ஃபிஸுக்கு, மைனர் லீக்குக்கு இறக்கிவிட்டார்கள். அங்கே நாலேகால் சொச்சம் இன்னிங்ஸில் 17 வாக், 12 வைல்ட் பிட்ச். அந்த அட்டையையும் பார்த்தேன். எழுதியவரின் கை வலித்திருக்கும்.

அதற்கும் கீழே, டென்னசியில் ஜான்சன் சிட்டி என்ற சின்ன ஊர் அணிக்கு, பள்ளிக்கூடம் முடித்த பையன்கள் ஆடுகிற படிக்கு அனுப்பினார்கள். அங்கே போனதும் 87 இன்னிங்ஸில் 158 ஸ்ட்ரைக் அவுட், 18 வாக் மட்டும்! என் சுவர் மாதிரியே. யாரும் பார்க்காத இடத்தில் கை தானாக வேலை செய்தது. இன்னொரு சின்னத் தகவல் அந்த அட்டைகளில் ஒளிந்திருக்கிறது, அப்போது யாரும் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள்: பந்து எறியாத நாட்களில் பேட்டராக இறக்கியதில் 10 ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி.

2002ல் முழங்கை வலி, அந்த வருடம் முழுக்க ஆடவில்லை. பேட்டிக்குப் போய் அவரை மறைத்துக் காத்த டேரில் கைல் அந்த ஜூனில் சிகாகோ ஹோட்டல் அறையில் தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார், வயது 33. 2003ல் ஆன்கீலுக்கு முழங்கைத் தசைநார் மாற்று அறுவை, பேஸ்பாலில் டாமி ஜான் என்பார்கள்.

2004 செப்டம்பரில் திரும்பி வந்தார். 10 இன்னிங்ஸ், ஒரே ஒரு வாக். எல்லோரும் எதிர்பார்த்த திரைக்கதை இதுதான், பையன் ஜெயித்துவிட்டான், கொட்டுங்கள் மேளம் என்று. ஆனால் அடுத்த மார்ச் 9ஆம் தேதி, ஃபுளோரிடாவில் சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமில், இனி பிட்சர் இல்லை, அவுட்ஃபீல்டில், அதாவது தளங்களைத் தாண்டிய வெளி மைதானத்தில், ஆடப் போகிறேன் என்று அறிவித்துவிட்டார். முகாமில் பந்து மறுபடி கண்ட இடத்துக்கு ஓடத் தொடங்கியிருந்தது. வயது 25.

இந்த இடத்தில்தான் எனக்கும் இந்தக் கதையை மேடையில் சொல்பவர்களுக்கும் ஒத்துப்போவதில்லை. இதை விடாமுயற்சிக் கதையாகச் சொல்கிறார்கள். நாலரை வருடம் விடாமல் முயன்றார், உண்மை. மனோதத்துவ நிபுணர் ஹார்வி டார்ஃப்மேனிடம் பேசினார், மூச்சுப் பயிற்சி, மருந்து, மது என்று ஒன்றுவிடாமல் பார்த்தார். அந்த நாலரை வருடமும் அவரைத் தின்றதுதான் மிச்சம். அவரைக் காப்பாற்றியது அவர் விட்டது. தோற்றுக்கொண்டிருக்கும்போது விடுவது எல்லோரும் செய்வது, அதைத்தான் நானும் செய்தேன். 10 இன்னிங்ஸுக்கு ஒரு வாக் என்று அட்டை சொல்லும்போது, இந்த ஒவ்வொரு பந்துக்கும் உள்ளே என்ன விலை கொடுக்கிறேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று மேட்டை விட்டு இறங்குவதற்கு வேறு மாதிரி நெஞ்சு வேண்டும்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், எல்லோரும் சொல்வதுதான். மைனர் லீக்கில் மறுபடி முதலிலிருந்து. 2007ல் மெம்ஃபிஸில் 32 ஹோம் ரன், அதே மெம்ஃபிஸ். ஆகஸ்ட் 9 அன்று செயின்ட் லூயிஸ் மைதானத்துக்குப் பேட்டராகத் திரும்பினார், ஏழாவது இன்னிங்ஸில் மூன்று ரன் ஹோம் ரன். லா ருஸ்ஸா குழந்தை மாதிரி சிரிக்கிற படம் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் இன்னொரு செய்தியும் வந்தது, 2004ல் அவர் பெயருக்கு வளர்ச்சி ஹார்மோன் மருந்து போயிருக்கிறது என்று. அறுவைக்குப் பிறகு மருத்துவர் சீட்டின் பேரில் வாங்கியது என்றார். அந்தச் சமயம் மேஜர் லீக்கில் அதற்குத் தடை இல்லை, தண்டனையும் இல்லை. கதையின் பளபளப்பு கொஞ்சம் குறைந்தது. நிறையப் பேர் இந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சொல்வதால் நான் சேர்த்துச் சொல்கிறேன்.

2010ல் சான் பிரான்சிஸ்கோவில், நாக் அவுட் ஆட்டத்தின் 11ஆவது இன்னிங்ஸில் அவர் அடித்த பந்து மைதானச் சுவரைத் தாண்டி வெளியே கடல்நீரில் விழுந்து, அவர் அணி 5-4 என்று ஜெயித்தது. அப்போது அவர் ஆடிய அணி எது தெரியுமா? பிரேவ்ஸ். நாக் அவுட் ஆட்டத்தில் பிட்சராகத் தொடங்கியவர், நாக் அவுட்டில் பேட்டராக ஹோம் ரன் அடித்தவர் என்று பார்த்தால் அவருக்கு முன்னால் இருந்த பெயர் பேஸ்பாலின் பெரிய ஜாம்பவான் பேப் ரூத்.

ஆனால் எனக்குப் பிடித்தது ஹோம் ரன்கள் இல்லை. 2008 மே 6, டென்வர் மைதானம். ஆன்கீல் சென்டர் ஃபீல்டில். முதல் இன்னிங்ஸில் ஒரு பந்து ஆழத்தில், சுவர் பக்கம் போகிறது. அதை எடுத்துத் திரும்புகிறார். ஓட்டக்காரர் மூன்றாம் தளத்தை நோக்கிப் பாய்கிறார், சென்டர் ஃபீல்டின் கடைக்கோடியிலிருந்து யார் எறிந்துவிடப் போகிறார்கள் என்ற நம்பிக்கையில். பந்து தரையைத் தொடாமல், ஒரு குத்துக்கூட இல்லாமல், மூன்றாம் தளக்காரரின் கையுறைக்கு வருகிறது. அவர் கையை நகர்த்தவே வேண்டியிருக்கவில்லை. அதே ஆட்டத்தின் பிற்பகுதியில் இன்னொரு ஓட்டக்காரர், இன்னொரு எறி, அதே இடம், அவுட். 60 அடி தூரத்தில் 17 அங்குலத்தைத் தொட முடியாமல் போன கை. அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஓடிக்கொண்டே எடுக்கிறார், எடுத்த வேகத்திலேயே எறிகிறார், நடுவில் யோசிக்க நேரமே இல்லை.

மொத்தத்தில் பிட்சராக 13 வெற்றி, 76 ஹோம் ரன், 2013ல் கடைசி ஆட்டம். பிறகு வாஷிங்டன் அணி அவரை இளம் ஆட்டக்காரர்களோடு பேசும் வேலைக்கு வைத்துக்கொண்டது.

விட்டதுதான் அவரைக் காப்பாற்றியது என்று நான் எல்லோரிடமும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2018ல் ஒரு செய்தி வந்தது. 39 வயதில் ரிக் ஆன்கீல் மறுபடி பிட்சராக வரப் பார்க்கிறார் என்று. பேட்டராக இல்லை. பிட்சராக! முழங்கையில் அறுவை செய்துகொண்டதாகவும் செய்தி. திரும்பி வரவில்லை.

படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி மகனின் டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். செருப்பை ஸ்டம்ப் மாதிரி வைத்து மூன்று பந்து போட்டேன். யாரும் இல்லை, இருட்டு. முதல் இரண்டும் பரவாயில்லை. மூன்றாவதற்குக் கையைச் சுழற்றும்போது, துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "யாரு தம்பி அங்க?" என்றார். பந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எங்கோ போய்விட்டது. மகன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.